மோவாய்

"தாடை சின்னதா, உள்ளடங்கி இருக்கு. அதான் தூக்கத்துல நாக்கு சரிஞ்சு மூச்சை அடைக்குது" என்றார் டாக்டர். "காத்தை உள்ளே தள்ளுற மெஷின் மாஸ்க் மாட்டித் தூங்கணும். தாடி இருந்தா காத்து கசியும், எடுத்துடுங்க."

கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த தாடியை மழித்துவிட்டுச் சடகோபன் கூடத்துக்கு வந்தான். மனைவி பூங்கோதை அவனுடைய மோவாயையே பார்த்தாள். பிறகு மகளின் மோவாயைப் பார்த்தாள்.

"இவளோட மோவாக்கட்டையே இல்லாத மூஞ்சி என் பொறந்த வீட்டு வம்சத்துலேருந்து வந்துச்சுன்னு உங்கம்மா எத்தனை வருஷமா ஏசுறாங்க. அப்பல்லாம் நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

சடகோபன் உள்ளங்கையால் மோவாயை மூடிக்கொண்டான். அந்த ஏச்சைக் கேட்டே வளர்ந்த மகள் கிட்டே வந்து, அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"உங்களுக்கு மறைச்சுக்கத் தாடி இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னாள்.