இன்னும் ஒரு சுற்று

"நிக்காதீங்க. இன்னும் ஒரு ரவுண்டு," என்றாள் ஜெரூஷா, கழுத்தில் தொங்கிய விசிலைப் பிடித்தபடி.

சிட்லபாக்கம் ஏரிக்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலமன் மூச்சு வாங்கினான். நாற்பதைத் தாண்டிய பிறகு முதல் தடவையாக ஓட ஆரம்பித்தவன். முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பு நெடுக விண் விண்ணென்று தெறித்தது.

"கால் ரொம்ப வலிக்குது ஜெரூ. நாளைக்கு ஒரு நாள் விட்டுடலாமா?"

"உங்க அண்ணன் உடம்பு ஒரு நாள் லீவு குடுக்குமா?"

அவன் கம்பியை விட்டான். சிமெண்ட் பாதையில் தட் தட்டென்று ஓடினான்.

அண்ணன் தேவானந்தத்துக்குக் கல்லீரல் கெட்டுப் போயிருந்தது. தம்பியின் ஈரலில் ஒரு பாகத்தை எடுத்து வைக்கலாம் என்றார்கள். ரத்தமெல்லாம் பொருந்தியது, ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் தம்பியின் ஈரலிலும் கொழுப்பு.

"சாப்பாட்டைக் குறைச்சா மட்டும் போதாது, ஓடணும். மூணு மாசம் டைம். கொழுப்பு கரைஞ்சா ஆபரேஷன், இல்லன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்," என்றார் டாக்டர்.

ஜெரூஷா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "குடுக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்ல சார்?"

"பெரும்பாலும் ஆகாது. ஆகவே ஆகாதுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாதும்மா."

வீடு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "வேற யாரும் வேணாம், நானே உங்களை ஓட வைக்கிறேன்," என்றாள். சாலமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். அவளிடம் பழகிய பிள்ளைகள் வருஷம் தவறாமல் மெடல் வாங்குகிறவர்கள்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியார் புருஷனையும் அதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் விடியுமுன் எழுந்து, அவனை எழுப்பி, கூடவே ஏரிக்கு வந்து விசில் ஊதினாள். இவனோ ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட மோசமாக நொண்டினான். அவள் பாடுபடுவதைப் பார்க்கப் பார்க்க அவனைக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது.

ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் அவள் புது மாணவி ஒருத்தியின் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எடுத்ததும் ஓட விடாதீங்கம்மா. கொஞ்ச தூரம் நடக்கட்டும், கொஞ்ச தூரம் ஓடட்டும். பேசிக்கிட்டே ஓட முடியணும், அதான் சரியான வேகம். சிமெண்ட்ல வேணாம், மண் தரையில ஓடச் சொல்லுங்க. எலும்பு வலிச்சா உடனே ரெஸ்ட்."

அவள் போனை வைத்ததும் சாலமன் சிரித்தான். "பிள்ளைங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"அதுங்களுக்கு வருஷம் கெடக்கு. உங்களுக்கு மூணு மாசம்தானே?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஏன் கேட்டோம் என்று அவனுக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணன் உயிருக்காகத் தன்னைவிட அவள் தவிக்கிறாள். நாம் கால் வலிக்குக் கணக்குப் பார்க்கிறோம்.

அன்று சாயங்காலம் அனகாபுத்தூருக்குப் போய் அண்ணனைப் பார்த்தான். தேவானந்தத்தின் கண்கள் மஞ்சளாகிக் கிடந்தன. அப்பா போன பிறகு, இதே தெருவிலிருந்து பல்லாவரம் பள்ளிக்கூடம் வரைக்கும் தம்பியைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து வெயில் மழை பாராமல் மிதித்தவன்.

"என்னடா நொண்டுற?"

"ஒண்ணுமில்லண்ணா. ஓடப் பழகுறேன்ல, அப்படித்தான் இருக்கும்."

"காலைப் பாத்துக்கடா. எனக்காகக் கெடுத்துக்காத."

படுத்த படுக்கையாய்க் கிடக்கிறவன் தனக்கு ஆறுதல் சொல்கிறானே என்று நினைத்தபடி சாலமன் அண்ணனின் போர்வையை இழுத்துவிட்டான். மறுநாள் ஏரிக்கரையில் ஜெரூஷா விசில் ஊதுவதற்கு முன்பே ஓட ஆரம்பித்தான். அவள் போதும் என்று சொல்லவில்லை. அவனும் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

அந்த வார முடிவில், ஏரியைப் பாதி சுற்றியபோது காலுக்குள் ஏதோ சுருக்கென்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

தாம்பரத்து எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எலும்புல விரிசல். வலியோட ரொம்ப நாள் ஓடியிருக்கீங்க. ரெண்டு மாசம் காலை ஊனவே கூடாது."

இரவு அண்ணி போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது. "விஷயம் தெரிஞ்சு ஆஸ்பத்திரியில வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டாங்க தம்பி. எங்க பையன் டெனிஸைக் கூட்டிட்டுப் போறேன். பொருந்துமோ பொருந்தாதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

போனை வைத்துவிட்டு சாலமன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். ஜெரூஷா அவன் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனை நானே சாகக் குடுக்கப் போறேன் ஜெரூ. மத்தவன்லாம் ஓடுறான், எனக்கு ஓடக்கூடத் துப்பில்ல. நீ எவ்வளவு பாடுபட்ட. உன் பாட்டையும் வீணாக்கிட்டேன்."

அவள் கை நின்றது. "உங்க மேல தப்பில்லைங்க."

"பின்ன யார் மேல?"

ஐஸ் உருகி அவள் மடியெல்லாம் நனைந்தது. குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"கால் உடையட்டும்னுதான் ஓட வெச்சேன்."