சார்ஜ் பீடி

பீடி நாற்றம் குப்பென்று வந்தது.

"கவுந்துட்டாருடி கங்காணி!" என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் கொழுந்தை எடுத்தபடியே சிரித்தார்கள்.

சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் கங்காணி யேசுரத்தினம் பீடியை விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த பதுளை டொக்டர், இனிமேல் ஒரு இழுப்பு இழுத்தாலும் பெட்டிக்குச் சொல்லிவைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டாராம். மகன் கெவின் கட்டாரிலிருந்து வேப் என்கிற மின் சிகரெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். இரவில் சார்ஜ் போட்டு, பகலில் ஊதுகிற சாமான்.

நாங்கள் அதற்கு வைத்த பெயர் சார்ஜ் பீடி.

பீடி குடித்த காலத்தில் அந்த மனுஷன் இரண்டு வளைவுக்குக் கீழே வரும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். லுணுகலைப் பக்கத்தில் எங்கள் மலைக்குக் காற்று கீழேயிருந்துதான் ஏறும். நாற்றம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். கூடவே பெரிய துரைக்கு அடுத்த தோட்டத்து அதிகாரி, சின்னத்துரையும் வருவான். அதற்குள் உட்கார்ந்திருந்தவள் எழும்பிவிடுவாள், வெற்றிலை போட்டவள் துப்பிவிடுவாள். எங்கள் மூக்கின் சாமர்த்தியம் அவருக்குத் தெரியவே தெரியாது என்று எங்களுக்கு ஒரே பெருமை.

சார்ஜ் பீடி வந்து அதைக் கெடுத்தது.

முதலில் புதினா. "இது நல்லாருக்கு புள்ள, தொண்டைக்கு எதமா இருக்கு" என்று எங்களிடமே வந்து பீற்றிக்கொண்டார். அவருக்கென்ன, இதமாகத்தான் இருக்கும். எங்கள் மலையைச் சுற்றி யூக்கலிப்டஸ் மரம். புதினா அந்த வாசத்தோடு கலந்துவிட்டது. ஆள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாலும் தெரியவில்லை.

அப்படித்தான் சிவசக்தி மாட்டிக்கொண்டாள்.

சிவசக்தி என் தம்பி பெண்சாதி. போன வருஷம் ஒன்று கலைந்துபோனது. இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம் தாண்டாமல் வெளியில் வாய் திறக்கக் கூடாது என்று வீட்டில் கட்டளை. கொஞ்ச நேரம் நின்றால் இடுப்பு விட்டுப்போகிறது என்று தேயிலைச் செடிக்குள் குந்தியவளைச் சின்னத்துரை கையும் களவுமாகப் பிடித்தான். அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். "இன்னொரு தடவை உட்கார்ந்தா வேலைக்கே வர வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கங்காணி புதினாவை ஊதிக்கொண்டு மரம் மாதிரி பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாளே ஸ்ட்ராபெரிக்கு மாறினார். அப்புறம் வத்தகப்பழம். அப்புறம் மாம்பழம். ஒருத்தியின் வயிற்றில் அடித்துவிட்டு இவருக்குப் பழம் பழமாகக் கேட்கிறது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பானாம்.

இன்று காலை, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில், மாம்பழப் புகையை ஊதிக்கொண்டே என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போய் நின்றார்.

"மாரியாயி, அங்க மணக்குதா?"

"அத ஒங்க பொண்டாட்டிகிட்ட கேளுங்க கங்காணி. நாங்க கொழுந்தெடுக்க வந்தவங்க."

பெரட்டே கொல்லென்று சிரித்தது. மனுஷன் முகம் சுண்டிப்போனது. எனக்கு அது நன்றாக இருந்தது.

இப்போது பார்த்தால் பீடி நாற்றம். இத்தனை பழத்தையும் ஊதிப் பார்த்துவிட்டு, பழைய குப்பைக்கே வந்தாயிற்று. நாய் வாலை யாரால் நிமிர்த்த முடியும்?

எப்படியோ எங்களுக்கு நல்லது. செடிக்குள் குந்தியிருந்த சிவசக்தியைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். அவள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொழுந்தில் கை வைத்தாள்.

சின்னத்துரை வந்தான். மோட்டார் சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டுப் பூனை மாதிரி நடந்து வந்திருக்கிறான். நேரே சிவசக்தியிடம் போய் நின்றான். அவள் கையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மேலே ஏறினான்.

பின்னால் வந்த கங்காணி என்னைக் கடந்தபோது பீடி மணக்கவில்லை. புதினா மணத்தது. வாயில் சார்ஜ் பீடி. முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் ஒரு பீடி, அணைந்துபோய்.

"என்ன ஆவ்னு பாக்குற? கொழுந்த எடு!" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பீடியைக் காலடியில் போட்டுவிட்டுத் துரைக்குப் பின்னால் போனார்.

எல்லாருக்கும் காட்டிச் சிரிக்கலாம் என்றுதான் அதைப் பொறுக்கினேன். நுனி மட்டும் கருகியிருந்தது. நூல் சுற்றிய வாய்ப்பக்கம் அப்படியே புதிதாக இருந்தது. பல் படவில்லை, எச்சில் படவில்லை.

நான் யாருக்கும் காட்டவில்லை.

கொழுந்து நிறுக்கக் கீழே இறங்கும்போதுதான் பாதையைப் பார்த்தேன். இழுக்காமல் கையிலேயே பிடித்திருந்தால் பீடி அணைந்துவிடும். திரும்பத் திரும்பக் கொளுத்த வேண்டும். இரண்டு வளைவு தூரத்துக்கு எரிந்த தீக்குச்சிகள் கிடந்தன.

பாவி மனுஷன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சிவசக்தியும் பார்த்துவிட்டாள். குனியப் போனவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, நானே ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டேன். சின்னத்துரை இந்த வழியாகத்தான் இறங்குவான்.