முதல் இறக்கம்

தீம் பார்க்கின் ரோலர் கோஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் ஃபுட் கோர்ட் கட்டியிருக்கிறார்கள். இதைப் பார்க்கவா வருஷா வருஷம் பாஸ் வாங்கினேன்? லிட்டில் இந்தியாவிலிருந்து எம்ஆர்டி ரயில், பஸ் என்று மாறி வந்த எனக்கு வயிறு எரிந்தது.

“புலம்பாதீங்க லா. மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிடும்,” என்றாள் மனைவி வைஷாலி.

“நீ உட்கார்ந்திருக்க இடத்துலதான் முதல் இறக்கம். ரயில் கீழ பாயும்போது எல்லாரும் கையத் தூக்குவோம்.”

அப்போது முன் மேசையில் இருந்தவர்கள், பிடித்திருந்த கரண்டியோடு இரண்டு கைகளையும் உயர்த்தினார்கள். பேச்சை நிறுத்தவில்லை. அடுத்து, அதன் பின் மேசை. அதற்கும் பிறகு, எங்கள் பக்கத்து மேசை.

“வைஷாலி, அங்க பாரு!”

“என்னத்தப் பாக்குறது?” என்று சலித்துக்கொண்டாள், இரண்டு கைகளையும் உயர்த்தியபடி.

காற்றே இல்லை. அவள் கூந்தல் மட்டும் பின்னால் பறந்துகொண்டிருந்தது.