குறுக்கே ஒரு பாதம்

மாலை நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக வந்து சமையலறை வாசல்வரை நீண்டு கிடக்கிறது. அதன் விளிம்பில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் நிற்கிறார். நிற்கிறார் என்பதைவிட நின்றுபோயிருக்கிறார். பார்க்கின்சன் வந்ததிலிருந்து, வாசல் என்றாலே கால்கள் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. கோடு ஒன்று கண்ணில் பட்டால் கால் எழும்பும் என்று டாக்டர் சொன்ன அன்றே, இவர் வீட்டு வாசல்களிலெல்லாம் குறுக்கே கறுப்பு டேப் ஒட்டினார். இங்கே மட்டும் துடைத்துத் துடைத்து அது உரிந்துவிட்டது. வலது கை விரல்கள் தம் பாட்டுக்கு, இல்லாத ஒரு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருக்கின்றன. “மெயின்ல கரண்ட் இருக்கு, ஸ்விட்ச்தான் மக்கர் பண்ணுது,” என்கிறார். டீ வடிகட்டும் மனைவி திரும்பிப் பார்க்கிறாள். கை கொடுக்கவில்லை, போன மாதம் கையைப் பிடித்து இழுத்ததில் இருவருமே விழுந்தார்கள். வடிகட்டியை வைத்துவிட்டு வந்து, தன் பாதத்தை அவருக்கு முன்னால் குறுக்கே வைக்கிறாள். குதிகாலில் ஈரம் மினுங்குகிறது. “தாண்டுங்க.”

“மிதிச்சுட்டேன்னா?”

“முப்பது வருஷமா மிதிக்காதவரு இப்பத்தான் மிதிக்கப் போறீங்களாக்கும்!”

அவர் சிரித்துவிடுகிறார். அந்தச் சிரிப்போடு கால் எழும்பி, அவள் பாதத்தைத் தாண்டி, வெயிலுக்குள் இறங்குகிறது. இரண்டு டம்ளர்களிலும் ஆவி பறக்கிறது. அலமாரியில், போன வாரம் வாங்கிய புது டேப் உறை பிரிக்காமல் இருக்கிறது. அவளும் அதைப் பார்க்கிறாள், அவரும் பார்க்கிறார். இருவரும் டீயை ஆற்றி ஆற்றிக் குடிக்கிறார்கள்.