தினம் ஒரு லைஃப்

“ஏன்டி தமிழு, வயசு அம்பதுக்கு மேல ஆச்சு. இன்னும் போன்ல பழத்தை உடைச்சு வெளையாண்டுக்கிட்டு இருக்க. வெக்கமா இல்ல?”

பழங்காநத்தத்தில் இரும்புக்கடை வைத்திருக்கும் அழகுபாண்டி, சாப்பிட வந்தால் தினமும் இதே பாட்டுதான்.

“சோத்தைப் போட்டுட்டுத்தானே ஆடுறேன். உங்களுக்கு என்ன கொறைஞ்சு போச்சு?” என்பாள் தமிழ்ச்செல்வி.

கேம் மேல் அவளுக்கு என்ன ஆசை? மகள் சத்யப்ரியா வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ஓசூர் போய்விட்டாள். “அவகூட ஒரு வார்த்தை பேசுனாலும் நீயும் அங்கிட்டே போயிரு” என்று மனுசன் கறாராகச் சொல்லிவிட்டார்.

பேசத்தானே கூடாது? அந்த கேமில் மகளும் இருந்தாள். ஆட்டத்தில் தோற்றவர்களுக்கு, அவர்களோடு ஆடுகிறவர்கள் மறுபடி ஆட ஒரு லைஃப் அனுப்பலாம். காலையில் அம்மா ஒன்று அனுப்புவாள். சாயங்காலத்துக்குள் அங்கேயிருந்து ஒன்று வரும். வந்துவிட்டால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம். பெத்தவளுக்கு அது போதும்.

இந்த நேரம் பார்த்துக் கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்து, “ஒரு வாரம் போனைத் தொடாதீங்கம்மா” என்றார் டாக்டர். அழகுபாண்டிக்குக் கொண்டாட்டம். போனைப் பிடுங்கிக் கடைக்கே கொண்டுபோய்விட்டார்.

தமிழ்ச்செல்விக்குக் கவலையெல்லாம் மகளைப் பற்றித்தான். ஒன்றும் வரவில்லையென்றால் அந்தப் பிள்ளை அம்மாவுக்கு என்ன ஆச்சோ என்று தவிக்குமே. யாரிடம் சொல்வது? கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே அழுதாள்.

“கண்ணுல தண்ணி படக்கூடாதுன்னு சொன்னாங்கள்ல?” அதற்கும் திட்டு விழுந்தது.

வாரம் முடிந்து போன் கைக்கு வந்ததும் அவசரமாக கேமைத் திறந்தாள்.

மகளுக்கு தினமும் லைஃப் போயிருந்தது. அங்கேயிருந்தும் வந்திருந்தது. போதாக்குறைக்கு, அவள் மாசக்கணக்காக முட்டிக்கொண்டிருந்த லெவலை யாரோ தாண்டியும் இருந்தார்கள்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. மெல்ல நிமிர்ந்து புருசனைப் பார்த்தாள்.

அழகுபாண்டி சட்டைப் பட்டனைப் போட்டபடி வாசலைப் பார்த்துச் சொன்னார்.

“நேத்து ராத்திரி வரைக்கும் அவகிட்டருந்து ஒண்ணும் வரல. மனசு கேக்கல, நானே போன் போட்டுட்டேன். நெட்டு தீந்துபோச்சாம், வேற ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லிருக்கேன். மாப்ளைக்குக் கோழி பிடிக்குமா, ஆட்டுக்கறி பிடிக்குமான்னு நீ கேட்டு வையி.”