பங்களாவுக்குச் சந்தனப் பொட்டு

பேய் பங்களாவின் வாசற்கதவில் சந்தனப் பொட்டு வைத்திருந்தது. கூரைமேல் ஒரு முழம் துளசி மாலை. உள்ளே நுழையத் தைரியம் வராமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான் சுஜித்.

பங்களா என்றால் இரண்டடி உயர பங்களா. மட்டாஞ்சேரியில் கேசவின் வீட்டுப் பூஜை அறையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால், பாட்டுப் புத்தகங்களுக்கும் சுருதிப் பெட்டிக்கும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சிநேகிதர்கள் இருவரும் பத்துத் தடவை பார்த்த ஒரு பேய்ப் படத்தில் வரும் பங்களா அது. மல்டிவுட் பலகையை அறுத்து, ஒட்டி, ஓடு ஓடாக அடுக்கி, அதைக் கம்ப்யூட்டர் கேபினட்டாக ஆக்கியிருந்தார்கள். நாலு மாத உழைப்பு. வெளியே தெரிகிற சுவர், ஜன்னல், பெயின்ட் எல்லாம் சுஜித். உள்ளே இருக்கிற போர்டு, வயர், விளக்கு எல்லாம் கேசவ். கம்ப்யூட்டர் சூடாகச் சூடாக ஜன்னல்கள் சிவக்கும். ஃபேன் காற்று புகைபோக்கி வழியாக வெளியே வரும்.

இன்றைக்கு இடப்பள்ளி மாலில் போட்டி. பன்னிரண்டு மணிக்குள் கொண்டுபோய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஜெயிக்கிறவர்களை, சினிமாவுக்கு செட் போடுகிற ஒரு பட்டறையில் வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேசவுக்கு ஏற்கெனவே எர்ணாகுளத்தில் ஆபீஸ் வேலை இருக்கிறது. சுஜித்துக்கு இதை விட்டால், அப்பா ராக்கப்பன் ஓட்டுகிற கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் அவருக்குப் பக்கத்து சீட்தான்.

"நேத்து சாயங்காலம் அம்மா இதைப் பூஜைக்கு வெச்சுட்டா. நான் சொன்னா கேக்கணுமே," என்றான் கேசவ்.

கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மி மாமியின் கை நின்றது. மகனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சுஜித் கெஞ்சிப் பார்த்தான். வாசலில் பங்களாவை ஏற்றிப்போகப் பெட்டி ஆட்டோ நிற்கிறது, தோப்பும்படிப் பாலம் தாண்டிப் போய்ச்சேரவே ஒரு மணி நேரம் ஆகும், சாயங்காலம் தானே கொண்டுவந்து அதே இடத்தில் அதே பொட்டோடு வைத்துவிடுவதாகச் சொன்னான்.

"பூஜைக்கு வெச்சாச்சு," என்றாள் மாமி. "நாளைக்குக் காலம்பற புனர்பூஜை ஆகாம எடுக்கப்படாது, கேட்டியா."

அவனுக்குத் தெரியாததா? அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்ததை, புத்தகமானாலும் உளியானாலும், விஜயதசமிக் காலைவரை யாரும் தொட மாட்டார்கள். அவனுடைய பிரஷ்களே நேற்று முதல் அவன் வீட்டுப் பூஜையில்தான் இருக்கின்றன. கடைசி நேரத்தில் எங்காவது பெயின்ட் உரிந்தால் தொட்டுவைக்க, வருகிற வழியில் புதிதாக ஒரு பிரஷ் வாங்கியிருந்தான். அதைச் சரஸ்வதி பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை.

மனுஷர்களோடு என்றால் சண்டை போடலாம். சரஸ்வதியோடு என்ன செய்ய முடியும்? கழுத்தை நீட்டி, தன் பங்களாவை எட்ட இருந்தே பார்த்தான். வெள்ளை வெளேரென்று அவன் பெயின்ட் அடித்திருந்த புகைபோக்கியின் வாயைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருந்தது.

"என்ன மாமி இது, சாம்பிராணிப் பொகையில சிம்னி பூரா கரி பிடிச்சுப்போச்சே," என்றான்.

கேசவ் தரையைப் பார்த்தான். ஏற்கெனவே கண் எரிகிற அளவுக்குப் புகை. போதாதென்று மாமி இன்னும் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டாள்.

வெளியே ஆட்டோக்காரச் சேட்டன் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தார். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

"மாமிக்கு இது பொம்மை வீடு," என்றான் சுஜித். "அடுத்த மாசம் எனக்கு என்ன ஜோலிங்கறது இதுலதான் இருந்துச்சு."

"வையறதுன்னா என்னை வைஞ்சுக்கோ," என்றாள் மாமி.

வைய அவனுக்கு வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அதை மறைக்கத் திரும்பியவன், தலை நிமிராமல் நிற்கிற கேசவைப் பார்த்து, போகிற போக்கில் அவன் தோளைத் தட்டினான்.

"விடுடா. நீ என்ன பண்ணுவே."

பையிலிருந்த புது பிரஷ்ஷை எடுத்து நிலைப்படியில் வைத்தான். இதையும் சேர்த்து வைத்துவிடுங்கள் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். காலிப் பெட்டி ஆட்டோ கடகடவென்று தெருமுனையைத் தாண்டியது.

மாமி பிரஷ்ஷை எடுத்துப் பங்களாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜன்னலைத் திறந்து, சாம்பிராணிப் புகை வெளியே போகட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குள்ளேர்ந்து பொகை வந்தப்பறம்தானேடா, நீ இதை இங்கே கொண்டுவந்து வெச்சே?"