புரியாத பெட்டி

"கம்ப்யூட்டருக்குள்ளயே எல்லா வாத்தியமும் இருக்குன்னு போன மாசம் என்கிட்ட அளந்தது யாரு?"

"நான்தான்க்கா."

"இப்ப எதுக்கு இந்த ஆள் நீளப் பெட்டி?"

கீபோர்டு கடையில் நின்றபடி ஒலிப்பதிவு இன்ஜினியர் தலையைச் சொறிந்தான்.

ஸ்டூடியோ அக்காவுடையது. வயதில் மூத்தவர்கள் கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விளம்பரப் பாட்டு, குறும்படம் என்று வருகிற வேலையை வைத்து எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் இன்ஜினியர் மவுஸை நாலு தட்டுத் தட்டி, கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு புல்லாங்குழலை வரவழைத்துக் காட்டினான். பெருமையாகத்தான் காட்டினான். அக்காவுக்கு அந்த நிமிஷமே கீபோர்டு மாஸ்டரின் நாற்காலி காலியாகத் தெரிந்துவிட்டது. மாஸ்டர் மேடை மேடையாக வாசித்துவிட்டு வந்தவர். பன்னிரண்டு வருஷமாக ஸ்டூடியோவே கதி என்று இருக்கிறார்.

"அடுத்த மாசத்துலேருந்து நீயே பார்த்துக்க. மாஸ்டரை நிறுத்திடலாம்" என்று இன்ஜினியரிடம் சொல்லியும் விட்டார்.

"சரிக்கா" என்று போனவன்தான், ஒரு வாரம் கழித்துப் புதுசாக ஒரு பாட்டுப் பாடினான்.

"கம்ப்யூட்டர் நடுவுல நடுவுல நின்னு போகுதுக்கா. பாட வந்தவங்க முன்னாடி மானம் போகுது. ஒர்க்ஸ்டேஷன் ஒண்ணு வாங்கிடலாம்."

"அது என்ன கண்றாவி?"

"பெரிய கீபோர்டுதான். வாத்தியம், தாளம், பதிவு எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம்."

விஷயம் மாஸ்டர் காதுக்கு எட்டியது. நேராக அக்காவிடம் வந்து நின்றார்.

"அந்தத் தம்பி எதுக்கு அடி போடறான்னு தெரியுதாக்கா? இப்ப வர்ற பெட்டியில ஒத்தை விரலை வெச்சா போதும், மிச்சத்தை அதுவே வாசிச்சுடும். என் நாற்காலியில அவன் உக்காரப் பார்க்கறான். என் வயித்துல அடிக்கறான்!"

நிறுத்தச் சொன்னதே தான்தான் என்று அக்கா வாயைத் திறக்கவில்லை. பழி வேறு தலையில் போய் விழுந்ததில் உள்ளூர நிம்மதி கூட.

மறுநாள் இன்ஜினியரோடு கடைக்குப் போனார். மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள்.

முதல் பெட்டி முன்னால் இன்ஜினியர் உட்கார்ந்தான். இரண்டே நிமிஷம். தாளம் போட்டான், அதன்மேல் வயலினை ஏற்றினான், பதிவு செய்து திருப்பிப் போட்டும் காட்டினான். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இதையே பேக் பண்ணச் சொல்லு."

"வேண்டாம்க்கா."

"ஏன், சத்தம் சரியில்லையா?"

"சத்தம் அருமையா இருக்கு. ஆனா வேண்டாம்."

இரண்டாவதில் தொடுதிரை இருந்தது. செல்போனை நோண்டுகிற மாதிரி நோண்டி, ஐந்தாவது நிமிஷம் அதையும் பாட வைத்தான். அதுவும் வேண்டாமாம். அக்கா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் அக்காவைப் பார்த்தார்.

மூன்றாவது பெட்டியைக் காட்டும்போது கடைக்காரரே கொஞ்சம் இழுத்தார்.

"இதுல ஒரு பட்டனுக்கு நாலு வேலை சார். எப்ப எந்த வேலைங்கறதை நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும். மேடையில வாசிச்சுப் பழகின கைக்குத்தான் இது படியும். நீங்க கம்ப்யூட்டர்காரர், யோசிச்சுக்குங்க."

இன்ஜினியர் அமுக்கினான், திருகினான். வயலினைக் கேட்டால் டிரம்ஸ் வந்தது. டிரம்ஸை நிறுத்தப் போனால் எல்லாமே நின்று போனது. கால்மணி நேரம் திருதிருவென்று விழித்துவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சூப்பர்க்கா! இதையே வாங்கிடலாம்."

அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது. மாஸ்டர் சொன்னதுபோல நாற்காலிக்கு ஆசைப்படுகிறவன் முதல் பெட்டியை அல்லவா கட்டிப் பிடித்திருக்க வேண்டும்? கடைக்காரரோடு உள்கை என்று சந்தேகப்படலாம் என்றால், அந்த மனுஷரே வேண்டாம் என்கிற மாதிரிப் பேசுகிறார். எப்படி யோசித்தாலும் எங்கேயோ இடித்தது. குழப்பம் முற்றிக் கோபமாகிவிட்டது. அவனைக் கடை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்னைப் பார்த்தா உனக்குக் கேனை மாதிரி இருக்கா? ஓட்டத் தெரிஞ்ச ரெண்டையும் வேண்டாம்கறே. தலைகால் புரியாததை வாங்குங்கறே. மாஸ்டர் சொன்னது சரியாப் போச்சு. இப்ப உண்மையைச் சொல்லலைன்னா நாளையிலேருந்து நீ வேலைக்கே வர வேண்டாம்."

"மாஸ்டர் என்னக்கா சொன்னாரு?"

"நீ அவர் வயித்துல அடிக்கறியாம்."

அவன் முகம் சுண்டிவிட்டது.

"அவர் சொன்னதுல தப்பில்லைக்கா. பெருமைக்கு ஆசைப்பட்டு ஆரம்பிச்சு வெச்சது நான்தானே."

"அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்னடா சம்பந்தம்? உனக்கே புரியாத ஒண்ணை வாங்கி வெச்சு நான் என்ன பண்றது?"

இன்ஜினியர் மெதுவாகச் சொன்னான்.

"எனக்குப் புரிஞ்சுட்டா, அப்புறம் மாஸ்டர் எதுக்குன்னு கேப்பீங்களேக்கா."